அறங்காவலர்கள் எதுவரை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பகுதியில், அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் மூன்று ஆண்டுகளாக நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள், 19 பணியாளர்கள். பள்ளியை நடத்தும் அறக்கட்டளையில் ஒன்பது அறங்காவலர்கள். அரிசி ஆலை உரிமையாளர், மஞ்சள் மண்டி நடத்துபவர், சென்னிமலையில் தறிக்கூடம் வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மருத்துவர் என எல்லாரும் சொந்தப் பணத்தையும் நேரத்தையும் போட்டு இந்தப் பள்ளியை உருவாக்கியவர்கள். 18 ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடகை வீட்டில் ஆறு குழந்தைகளோடு தொடங்கியபோது அவர்களே வேன் ஓட்டினார்களாம். யார்மீதும் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் காலை ஏழு மணிக்கே வாட்ஸ்அப் குழுவில் “இன்றைக்கு என்ன காய்?” என்று கேள்வி வந்துவிடுகிறது. ஒருவர் வேன் செல்லும் வழியை ஓட்டுநரிடம் நேரடியாகச் சொல்லி மாற்றுகிறார். அது தெரியாமல் இன்னொருவர் மறுநாள் பழைய வழியிலேயே போகச் சொல்கிறார். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் பயிற்சி என்பதையும் ஒருவர் முடிவு செய்கிறார். ஆயாக்கள் எனக்குத் தெரியாமலே அறங்காவலர் வீட்டுக்குப் போய் விடுப்பு வாங்கி வருகிறார்கள். சென்ற கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. சீருடைத் துணியின் நிறத்துக்கும் எரிவாயு சிலிண்டர் செலவுக்கும் இரண்டு மணி நேரம் போயிற்று. பள்ளியின் பதிவைப் புதுப்பிக்கும் பேச்சு, எல்லாரும் எழுந்துகொண்டிருந்தபோது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இந்த ஆண்டு இரண்டு சிறப்பாசிரியர்கள் விலகிவிட்டார்கள். கடந்த ஆண்டு ஆடிட்டருக்குக் கணக்கு அனுப்புவதில் என் பக்கம் இரண்டு மாதத் தாமதம் ஏற்பட்டதுண்டு. அதைத் தவிர என்மீது குறை சொல்லப்பட்டதில்லை. பெரியவர்கள் மனம் நோகாமல் இதை எப்படிச் சரிசெய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 20 ஆண்டுகளுக்கு மேல் அறக்கட்டளைகளில் முதலில் செயலராகவும் பிறகு அறங்காவலராகவும் இருந்தவன் என்பதால், நீங்கள் விவரிக்கும் கூட்டத்தில் மேசையின் இரண்டு பக்கமும் நான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் அறங்காவலர்கள் செய்வது பள்ளிக்குக் கெடுதலானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அதை மாற்ற முடியாது.

நம் பக்கத்தில் தொழில் வளர்ந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். கோவையின் பவுண்டரிகளும் பம்புசெட் பட்டறைகளும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளும், ஈரோட்டைச் சுற்றியுள்ள விசைத்தறிக் கூடங்களும் பெரும்பாலும் முதலாளியே முதல் தொழிலாளியாக நின்று எழுப்பியவை. நூல் மூட்டை வந்து இறங்கும்போது அவர் பக்கத்தில் நிற்பார்; சாயத்தில் ஒரு சாயல் மாறினாலும் அவர் கண்ணுக்குத் தெரியும்; சரக்கு லாரி புறப்படும்வரை வீட்டுக்குப் போகமாட்டார். அப்படி நின்றதால்தான் அவரிடம் அறக்கட்டளைக்குக் கொடுக்கப் பணம் சேர்ந்தது. வாழ்நாள் முழுவதும் தனக்கு வெற்றி தந்த ஒரு குணத்தை, பள்ளியின் வாசலில் மட்டும் கழற்றி வைத்துவிட்டு வா என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. இன்னொன்றும் உண்டு. 1926-ஆம் ஆண்டு பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நால்வர், குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி ஐந்தாவது பங்கை அறத்துக்கென ஒதுக்கியதை இன்றும் கோவையில் பெருமையோடு சொல்வார்கள். அறத்தையும் உடன்பிறந்தவர்களில் ஒருவராக வைத்துப் பங்கு பிரித்த ஊர் இது. பங்காளி வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்காமல் இருக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே “தலையிடாதீர்கள்” என்று நீங்கள் சொன்னால், “அக்கறை கொள்ளாதீர்கள்” என்றுதான் அவர்கள் காதில் விழும். அந்தச் சொல்லை எந்தக் கூட்டத்திலும் பயன்படுத்த வேண்டாம்.

ஆறு குழந்தைகளோடு வாடகை வீட்டில் இருந்தபோது அவர்கள் செய்தது தலையீடே அல்ல. அப்போது அறங்காவலரும் ஓட்டுநரும் ஒரே ஆள். பள்ளி 70 குழந்தைகளாக வளர்ந்து, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வந்து, உங்களை நிர்வாகியாக நியமித்த நாளில் அறங்காவலர்களின் வேலை மாறிவிட்டது. ஆனால் மாறிய வேலை இன்னதென்று அன்றைக்கு யாரும் உட்கார்ந்து பேசவில்லை, எழுதவும் இல்லை. குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன செய்திக்கு வருகிறேன். கணக்கு இரண்டு மாதம் தாமதமாயிற்று என்கிறீர்கள். காரணம் நியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வணிகரின் மனத்தில் கணக்குத் தாமதம் என்பது மறக்கக்கூடிய சிறு பிழை இல்லை. “நாம் பார்க்காமல் விட்டால் நடக்காது” என்ற முடிவுக்கு அவர் வந்துசேர அது ஒன்றே போதும். காலை ஏழு மணிக்கு வரும் காய்கறிக் கேள்வி அந்தத் தாமதத்துக்கு முன்பே தொடங்கியதா, பின்பு தொடங்கியதா என்று வாட்ஸ்அப் குழுவின் பழைய செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். பின்பு என்றால், முதல் வேலை உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

அதோடு, கடந்த இரண்டு மாதங்களில் அறங்காவலர்கள் கேட்ட கேள்விகளையும் இட்ட கட்டளைகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார், எப்போது, எதைப் பற்றி என்று மட்டும் எழுதினால் போதும். குற்றப்பட்டியல்போல் எழுதவேண்டாம், யாரிடமும் காட்டவும் வேண்டாம். நான் செயலராக இருந்த ஓர் அறக்கட்டளையில் – அதன் பெயர் இங்கே தேவையில்லை – பொருளாளர் சில நாள்களில் நான்கைந்து முறை தொலைபேசியில் அழைப்பார். எரிச்சலோடுதான் அந்த அழைப்புகளைக் குறித்து வைக்கத் தொடங்கினேன். மூன்று மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோது, பெரும்பாலான அழைப்புகள் சனி, ஞாயிறுகளிலும் முகூர்த்த நாள்களிலும் வந்திருப்பது தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் யாராவது நன்கொடையாளர் அவரைப் பார்த்து “உங்கள் அறக்கட்டளை இல்லத்தில் இப்போது எத்தனை பிள்ளைகள்? நான் கொடுத்த பணத்தில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்பார், பதில் தெரியாமல் நிற்பதை அவரால் தாங்க முடியாது, உடனே எனக்கு அழைப்பு வரும். அவர் என்னைச் சந்தேகித்ததாக நினைத்திருந்தேன். அவர் பயந்தது ஊருக்கு முன்னால் பதில் தெரியாமல் நிற்பதற்கு. அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, சட்டைப் பையில் மடித்து வைக்கும் அளவில் ஒரு தாள் அவர் கைக்குப் போயிற்று. அழைப்புகள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தன.

நீங்களும் அப்படி ஒரு தாளை, மாதத்தின் குறிப்பிட்ட ஒரு தேதியில், தவறாமல் ஒன்பது பேருக்கும் அனுப்புங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பதிவேட்டில் உள்ள குழந்தைகள் எத்தனை பேர், நாள்தோறும் சராசரியாக வந்தவர்கள் எத்தனை பேர், மாதக் கடைசியில் வங்கியில் இருந்த தொகை எவ்வளவு, புதிய வரவே இல்லாவிட்டால் அந்தத் தொகையில் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும், ஒப்புக்கொண்ட வரவு செலவுத் திட்டத்திலிருந்து எந்தச் செலவு விலகியது, ஏன், பெற்றோர் தந்த புகார்கள் என்ன, அடுத்த மூன்று மாதங்களில் வரவிருக்கும் சட்டபூர்வமான கெடு தேதிகள் எவை என்று எழுதுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, முதல் வரியில் அந்த மாதத்தின் மிக மோசமான செய்தியை எழுதுங்கள். வேன் ஒரு சுவரில் உரசியது, ஒரு குழந்தை கீழே விழுந்து தையல் போட்டது, ஆசிரியர் ஒருவர் விலகக் கடிதம் கொடுத்தது ஆகியவற்றை அறங்காவலர் ஓட்டுநர் வாயிலாக முதலில் கேட்டாரென்றால், அடுத்த ஆறு மாதத்துக்கு அவர் ஓட்டுநரிடம்தான் கேட்டுக்கொண்டிருப்பார். உங்கள் வாயிலாகக் கேட்டாரென்றால் உங்களிடம் கேட்பார். பெரிய விபத்து போன்றவற்றுக்கு மாதத் தாள் காத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கே நிர்வாக அறங்காவலருக்கு (மேனேஜிங் டிரஸ்டிக்கு) தெரிய வேண்டும்.

இந்தத் தாள் மூன்று மாதம் ஒழுங்காகப் போன பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள். அது, யார் எதை முடிவு செய்யலாம் என்பதை எழுதித் தீர்மானமாக்கும் வேலை. முதலில், அறக்கட்டளையைத் தொடங்கும்போது எழுதிய உங்கள் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பல இடங்களில் அதைப் பதிவு செய்த நாளில் பீரோவில் வைத்ததோடு சரி. அதிகாரத்தைப் பணியாளரிடம் ஒப்படைக்கப் பத்திரம் இடம் தருகிறதா, நிர்வாக அறங்காவலருக்குத் தனி அதிகாரம் என்னென்ன என்று பாருங்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்காக எழுதப்பட்டது என்றாலும், பொது அறக்கட்டளைகள் பற்றிய வழக்குகளிலும் நீதிமன்றங்கள் அதன் கோட்பாடுகளைத் துணைக்கொள்கின்றன. அதன் 47-ஆம் பிரிவு, பத்திரம் அனுமதித்தாலோ, வழக்கமான பணிப்போக்கில் அமைந்தாலோ, தேவையின்பொருட்டோ தவிர அறங்காவலர் தம் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறது. ஆகவே “எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிடுங்கள்” என்று நீங்கள் கேட்கவும் முடியாது, அவர்கள் கொடுக்கவும் முடியாது. இன்னின்ன வேலை என்று வரையறுத்துத்தான் வாங்க முடியும். அதே சட்டத்தின் 48-ஆம் பிரிவு உங்களுக்குப் பெரிய துணை. ஒன்றுக்கு மேற்பட்ட அறங்காவலர்கள் இருந்தால், பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டாலொழிய, அவர்கள் எல்லாரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்கிறது அது. அறங்காவலர் ஒருவர் தனியாக ஓட்டுநரிடம் சொன்ன வழி அறக்கட்டளையின் ஆணை ஆகாது. சங்கமாகப் பதிவானவர்களுக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிவான எட்டாம் பிரிவு நிறுவனங்களுக்கு 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். எங்கேயும் அதிகாரம் குழுவுக்குத்தான், குழு கூடி எடுக்கும் முடிவுக்குத்தான்.

தீர்மானம் எளிமையாக இருக்கட்டும். திட்டத்தில் ஒதுக்கிய தலைப்புக்குள், ஒரு முறைக்கு இவ்வளவு ரூபாய் வரை நிர்வாகி தாமே செலவிடலாம். அதற்கு மேல் பொருளாளரின் ஒப்புதல் வேண்டும். இன்னொரு தொகைக்கு மேல் மூன்று விலைப்புள்ளிகளோடு குழுவின் முன் வர வேண்டும். தொகை எவ்வளவு என்பதை அவர்களே சொல்லட்டும். தொடக்கத்தில் சிறிய தொகையாகச் சொன்னால் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்; ஆறு மாதம் கழித்து உயர்த்தக் கேட்கலாம். ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் சிக்கல் வரும் என்பதால், ரொக்கத்துக்குத் தனி வரம்பும் எழுதிவிடுங்கள். பணியாளர் விடுப்பு, வகுப்பு நேரம், உணவுப் பட்டியல், வேன் வழி ஆகியவை நிர்வாகியின் பொறுப்பு. எந்தக் குழந்தைக்கு என்ன பயிற்சி என்பது உங்களுக்கும் உரியதன்று; அது பயிற்சி பெற்றவரின் முடிவு. சிறப்பாசிரியர்கள் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றுப் பணியாற்றுபவர்கள். மஞ்சளின் தரத்தை மண்டிக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்வதுபோல, அந்தக் குழந்தையின் கை எதற்குத் தயாராக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். உங்களைவிட்டுப் போன இருவரும் சம்பளத்துக்காக மட்டும் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முடிந்தால் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, போன காரணத்தை உண்மையாகச் சொல்லும்படி கேளுங்கள். அந்தப் பதில் அறங்காவலர்களுக்கு வேறெந்த வாதத்தையும்விட நன்றாகப் புரியும்.

இந்தத் தீர்மானத்தை நீங்கள் முன்வைக்காதீர்கள். சம்பளம் வாங்குபவர் தம் அதிகாரத்தைத் தாமே கேட்பதாக ஆகிவிடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார் என்கிறீர்களே, அவரிடம் போங்கள். தலைமையாசிரியர் அறைக்கு வந்து பள்ளிக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் பாடவேளை அட்டவணையைத் திருத்தினால் எப்படி இருக்கும் என்பது அவர் அனுபவித்து அறிந்ததாகவே இருக்கும். நம் ஊரில் எந்தக் காரியமும் கூட்டத்தில் முடிவாவதில்லை. அதற்கு முன்பே வீட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டு முடிவாகிறது. ஒவ்வோர் அறங்காவலர் வீட்டுக்கும் அவரையோ நிர்வாக அறங்காவலரையோ போகச் செய்யுங்கள். கூட்டத்துக்கு ஆடிட்டரையும் அழைக்கச் சொல்லுங்கள். செலவு வரம்பை எழுதி வைப்பது நல்லது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், வியாபாரம் செய்பவர்கள் அதைத் தட்டமாட்டார்கள்.

தீர்மானம் நிறைவேறிய மறுநாளே எல்லாம் மாறிவிடாது. பழைய பழக்கத்தில் யாராவது ஒருவர் ஆயாவுக்குக் கட்டளையிடத்தான் செய்வார். அப்போது எதிர்த்துப் பேச வேண்டாம். “ஐயா சொன்னதைக் குறிச்சு வெச்சிருக்கறனுங்க. மேனேஜிங் டிரஸ்டி ஐயாகிட்ட இன்னைக்கே பேசிட்டு, சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்றனுங்க” என்று சொல்லுங்கள், சொன்னபடி மாலையில் தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஓட்டுநருக்கும் ஆயாக்களுக்கும் “அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சுடறனுங்க” என்று சொல்லும் துணிவைக் கொடுங்கள். அப்படிச் சொன்னதற்காக அவர்கள் வேலைக்கு ஆபத்து வராது என்பதை நிர்வாக அறங்காவலரே அவர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவை மூட வேண்டியதில்லை. அது செய்திக்கும் வாழ்த்துக்கும் நிகழ்ச்சிப் படங்களுக்கும் உரியது, முடிவுகளுக்கு உரியதன்று என்று ஒரு வரி தீர்மானத்தில் இருந்தால் போதும்.

அரிசி ஆலை உரிமையாளருக்கு அரிசியைப் பற்றி உங்களைவிட நூறு மடங்கு தெரியும். ஆண்டுக்குத் தேவையான அரிசியைக் கொள்முதல் செய்ய விலை பேசித் தரும்படி அவரிடம் குழு கேட்கட்டும். தரமும் அளவும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். அவர் தம் ஆலை அரிசியையே தருவதாக இருந்தால் அதை வெளிப்படையாகக் குழுவில் சொல்லி, சந்தை விலையோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழுக்கூட்டத்தில் உட்காரும்போது அவர் அறங்காவலர். சமையல்கூடத்தில் அரிசி அளக்க உதவும்போது தொண்டர். தொண்டராக வரும் நாளில் சமையல்கூடத்துப் பொறுப்பாளர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். இதை அவரே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் நாள் வரும்.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். சீருடை நிறத்தையும் சிலிண்டர் செலவையும் பற்றி இரண்டு மணி நேரம் பேசியது அவர்களுக்கு அறிவு குறைந்ததால் அல்ல. அவர்கள் முன் வைக்கப்பட்டவற்றில் அவர்களுக்குப் புரிந்தது அதுதான். பதிவுப் புதுப்பித்தலைக் கடைசியில் வைத்தால் கடைசியில்தான் வரும். வழக்கமான ஒப்புதல்களையெல்லாம் ஏழு நாளைக்கு முன்பே தாளில் அனுப்பிவிட்டு, கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தை ஒரே ஒரு பெரிய கேள்விக்கு ஒதுக்குங்கள்.

அந்தக் கேள்வி என்னவாக இருக்கலாம் என்பதற்கு உங்கள் வகுப்பறைகளையே பாருங்கள். அங்கே 16, 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். 18 வயது முடிந்தபின் அவர்கள் எங்கே போவார்கள்? பெற்றோருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, “எங்களுக்குப் பின்னால் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று உங்கள் அலுவலகத்தில் அழாத தாய் இருக்கமாட்டார். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கு, 18 வயதுக்குப் பிறகு சட்டபூர்வமான பாதுகாவலரை நியமிக்க, ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு மாவட்டத்தில் இருக்கிறது. அதே சட்டத்தின் கீழ் வரும் நிரமயா காப்பீட்டில் ரூ.1 லட்சம் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவை கிடைத்திருக்கின்றன? பெரிய பிள்ளைகளுக்கு ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் வேண்டாமா? சென்னிமலைத் தறிக்கூடக்காரருக்கு, விளிம்பு மடித்துத் தைக்கவும் எண்ணிக் கட்டவும் பொதி போடவும் எப்படிப்பட்ட கை தேவை என்பது தெரியும். மஞ்சள் மண்டிக்காரருக்கு, தூளைப் பொட்டலம் போட்டு விற்கும் சந்தை தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு வாழ்நாள் இல்லம் கட்ட நிலம் எங்கே கிடைக்கும், ஊரில் யாரைக் கேட்டால் தருவார்கள் என்பது ஒன்பது பேருக்கும் தெரியும். உங்களால் செய்ய முடியாத, அவர்களால் மட்டுமே செய்ய முடியக்கூடிய வேலை இது. இதை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால், காய்கறியைப் பற்றிக் கேட்க நேரமும் இருக்காது, மனமும் இருக்காது.

அறங்காவலர்கள் ஒதுங்கவே கூடாத இடங்களும் உண்டு. அங்கே அவர்கள் கேட்டால் தலையீடு என்று நீங்கள் நினைக்கக் கூடாது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் பள்ளியில், பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்கிறதா என்று அவர்கள் கேட்டே ஆக வேண்டும். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். “பள்ளியின் பெயர் கெட்டுவிடும்” என்று யார் சொன்னாலும், நிர்வாகியோ அறங்காவலரோ, அதை மறைக்க முடியாது. பேசிப் புரியவைக்க இயலாத குழந்தைகள் இருக்கும் இடத்தில், ஆண்டுக்கு இருமுறையாவது அறங்காவலர் இருவர் முன்னறிவிப்பின்றி வந்து கழிப்பறை முதல் வேன் வரை பார்ப்பதை நானே வற்புறுத்துவேன். அவர்கள் பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். அங்கேயே நின்று பணியாளருக்குக் கட்டளையிட வேண்டாம். எழுதியதைக் குழுவில் வைத்தால் குழு உங்களைக் கேட்கும்.

கேள்வி: தாராபுரம் அருகே முதியோர் இல்லம் ஒன்றின் அறங்காவலர்களில் நானும் ஒருவன். எங்கள் இயக்குநர் திறமையானவர். ஆனால் வவுச்சர்களையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் கேட்டால், “அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடக் கூடாது” என்கிறார். ஆண்டு முடிவில் ஆடிட்டர் கையெழுத்திட்ட தாளை மட்டும் காட்டுகிறார். நான் கேட்பது தவறா?

– வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: தவறில்லை. கேட்காமல் இருப்பதுதான் தவறு. சாதாரண விவேகமுள்ள மனிதர் ஒருவர் தம் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்தை அறக்கட்டளைச் சொத்தின்மீதும் செலுத்த வேண்டும் என்று நான் மேலே சொன்ன 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே சொல்கிறது. உங்கள் சொந்த வங்கிக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பீர்களா? எந்த முதியவருக்கு என்ன பலகாரம் என்று கேட்பது அன்றாட வேலை. வங்கியில் எவ்வளவு இருக்கிறது, நன்கொடை முழுவதும் ரசீதோடு கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேட்பது உங்கள் கடமை. குறிப்பாக ரொக்க நன்கொடையைக் கவனியுங்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு, நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. வங்கி வழியாகவே நன்கொடை கேட்பது கொடுப்பவருக்கும் நல்லது, உங்கள் கணக்குக்கும் நல்லது.

ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. நீங்கள் தனியாக அலுவலகத்துக்குப் போய்க் கணக்கர் மேசையைத் திறக்கச் சொன்னால், இயக்குநர் தரப்பிலும் கொஞ்சம் நியாயம் சேர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி அறிக்கை, ரொக்கப் புத்தகம், திட்டமிட்ட செலவும் உண்மைச் செலவும் ஒப்பிட்ட தாள் ஆகியவை குழுவின் முன் வர வேண்டும் என்றும், பொருளாளரும் இன்னோர் அறங்காவலரும் வவுச்சர்களைப் பார்வையிடலாம் என்றும் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்துக்குப் பின்னும் அவர் காட்ட மறுத்தால், அவருடைய திறமையைக் கணக்கில் கொண்டு தள்ளிப்போடாதீர்கள். அடுத்த கூட்டம்வரைகூடக் காத்திருக்காமல் சிறப்புக் கூட்டம் கூட்டுங்கள்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை நடத்தும் மாலை நேரப் பயிற்சி மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர் தேவை. அறங்காவலர் ஒருவர் தம் மருமகனைச் சேர்க்கச் சொல்கிறார். தகுதி இருக்கிறது. சேர்க்கலாமா? நேர்காணல் நடத்துபவர்களோடு அந்த அறங்காவலரும் உட்கார விரும்புகிறார்.

– வாசகி, பொள்ளாச்சி

பதில்: தகுதியுள்ளவரை உறவினர் என்பதற்காக விலக்க வேண்டியதில்லை. ஆனால் அறங்காவலரின் நெருங்கிய உறவினருக்கு வேலைக்கு மிஞ்சிய சம்பளமோ சலுகையோ போனால், அறக்கட்டளையின் வருமான வரி விலக்கையே அது பாதிக்கும். பணி விளம்பரத்தை வெளியே போடுங்கள். சம்பளத்தை விண்ணப்பங்கள் வருவதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள். மருமகனின் விண்ணப்பத்தை மற்றவற்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். நேர்காணலிலும் முடிவெடுக்கும் கூட்டத்திலும் அந்த அறங்காவலர் இருக்கக் கூடாது. உறவை அவர் முன்கூட்டியே தெரிவித்ததையும், அந்தப் பொருள் பேசப்பட்டபோது அறையைவிட்டு வெளியே இருந்ததையும் மினிட் புத்தகத்தில் எழுதி, வந்திருந்த மற்றவர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மருமகன் தேர்வானால், அவருடைய விடுப்பு, சம்பளம், மதிப்பீடு ஆகியவற்றை முடிவு செய்பவர் நீங்கள்தான் என்று நியமன ஆணையிலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.